ஐயாசி தரவிலிருந்து அம்மோனியா உமிழ்வு: 12 மணி நேர ஆயுட்காலமா, 3 மணி நேரமா?

நிலவரை (கேள்வி):

வணக்கம். பெரும்பாலும் வயல்களும் கால்நடைப் பண்ணைகளும் நிறைந்த, 100 கி.மீ. நீளமும் 100 கி.மீ. அகலமும் கொண்ட ஒரு சமவெளிப் பகுதியின் ஆண்டு அம்மோனியா உமிழ்வை, மெட்டாப் செயற்கைக்கோள்களில் உள்ள ஐயாசி கருவியின் காலை நேரத் தரவைக் கொண்டு மதிப்பிட முயன்று வருகிறேன். ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர செ.மீ. பரப்பின் மேலுள்ள காற்றுத் தூணில் 1×10¹⁶ மூலக்கூறுகள் இருப்பதாகக் கிடைத்தது. இதை எடையாக மாற்றினால் சதுர மீட்டருக்கு 2.8 மில்லிகிராம், பகுதி முழுவதற்கும் ஏறத்தாழ 28 டன்.

இந்த இருப்பை அம்மோனியாவின் ஆயுட்காலத்தால் (அது காற்றில் சராசரியாகத் தங்கும் நேரம்) வகுத்தால் உமிழ்வு கிடைத்துவிடும் என்று எண்ணினேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 12 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 20,600 டன். 3 மணி நேரம் என்று வைத்தால் 82,000 டன். இரண்டு மதிப்புகளும் ஆய்வுக் கட்டுரைகளில் கையாளப்பட்டவையே. உரப் பயன்பாட்டையும் கால்நடை எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிட்ட உமிழ்வுக் கணக்கேடு 25,000 டன் என்கிறது. ஒன்றின்படி கணக்கேடு மிகை, மற்றொன்றின்படி அது மிகக் குறைவு. எதை நம்புவது? தரவில் இருந்த எதிர்க்குறி மதிப்புகளைப் பொருளற்றவை என்று கருதி முன்பே நீக்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றுவழி:

இரண்டு கட்டுரைகளும் ‘ஆயுட்காலம்’ என்ற ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிப்பதில்லை என்பதுதான் குழப்பத்தின் வேர். கந்தக அமிலத்தோடும் நைட்ரிக் அமிலத்தோடும் சேர்ந்து துகளாக மாறுவதாலும், நிலத்திலும் இலைகளிலும் படிவதாலும் அம்மோனியா குறைவது ஓர் இழப்பு. காற்று அதை உங்கள் கட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவது வேறோர் இழப்பு. கட்டம் சிறிதாக ஆக இரண்டாவது இழப்பே மேலோங்கும். ஒரு பெரிய பண்ணையையோ உரத் தொழிற்சாலையையோ சுற்றிய சிறு வட்டத்துக்குள் பார்க்கிறவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரமே கிடைப்பதற்கும், ஒரு நாட்டளவில் பார்க்கிறவர்கள் அரை நாள் என்று வைத்துக்கொள்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சராசரிக் காற்று வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றால் மணிக்கு 18 கி.மீ.; 100 கி.மீ. கட்டத்தைக் காற்று ஐந்தரை மணி நேரத்தில் கடந்துவிடும். வேதி இழப்புக்கும் படிவுக்கும் சேர்த்து 12 மணி நேரம் என்று வைத்து, இரண்டையும் இணைத்தால் பயனுறு ஆயுட்காலம் 3.8 மணி நேரமாகச் சுருங்குகிறது. அப்படியானால் 65,000 டன் என்று உடனே எழுதிவிடாதீர்கள். உள்ளே வரும் காற்றும் வெறுங்கையோடு வருவதில்லை. காற்று வரும் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, தூண் அளவு 0.4×10¹⁶ என்று இருக்குமானால் அந்தப் பின்னணியைக் காற்று கொண்டுசெல்லும் பகுதியிலிருந்து கழிக்க வேண்டும். கழித்தபின் எஞ்சுவது 47,000 டன் அளவில் இருக்கும்.

இதுவும் கட்டம் முழுதும் சீராகக் கலந்திருப்பதாகக் கொண்ட எளிய கணக்குதான். உண்மையில் காற்று வெளியேறும் விளிம்பில் செறிவு கூடுதலாக இருக்கும். ஆகவே விளைவு சற்றுக் குறைத்துக் காட்டப்படும். ஒவ்வொரு நாளின் தரவையும் அன்றைய காற்றுத் திசைக்கு ஏற்பச் சுழற்றி அடுக்கி, காற்றோட்டத்தின் வழியே செறிவு எப்படித் தேய்கிறது என்று பார்த்தால் ஆயுட்காலத்தைக் கடன் வாங்காமல் தரவிலிருந்தே பெறலாம். ஆனால் அது தனித்து நிற்கும் மூலத்துக்குப் பொருந்துமே தவிர, எங்கும் பரவிக் கிடக்கும் வயல்வெளிக்கு அவ்வளவாக ஒத்துவராது.

வெப்பமுள்:

எதிர்க்குறி மதிப்புகளை நீக்கியதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நானும் ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்து, மாதக்கணக்கில் என் குளிர்கால மதிப்புகள் ஏன் இவ்வளவு உயர்ந்து நிற்கின்றன என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மோனியா வெப்ப அகச்சிவப்பில், 10.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, கதிரை உறிஞ்சுகிறது. கருவி காண்பது நிலத்துக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டின் துணையோடுதான். நண்பகலில் நிலம் காற்றைவிடப் பல பாகை சூடாக இருக்கும்போது தடயம் தெளிவாகத் தெரியும். வேறுபாடு சுழியை நெருங்கினால், கீழே எவ்வளவு அம்மோனியா இருந்தாலும் கருவிக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. அத்தகைய பிக்சல்களில் இரைச்சலின் காரணமாக விடை இரு பக்கமும் ஆடும். நேர்க்குறிப் பிழையை வைத்துக்கொண்டு எதிர்க்குறிப் பிழையை மட்டும் எறிந்தால் சராசரி மேலே ஏறாமல் என்ன செய்யும்? சார்புப் பிழை (மதிப்போடு ஒப்பிடும்போது பிழையின் விகிதம்) பெரிதாக உள்ளவற்றை வடிகட்டுவதும் இதே போன்றதுதான், ஏனெனில் தூய காற்றுள்ள பிக்சல்களுக்கே அந்தப் பிழை பெரிதாக இருக்கும்.

அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள, ஐயாசி போன்ற கிரிஸ் கருவியின் தரவைச் சேர்த்துக்கொள்ள எண்ணினால் ஒரு எச்சரிக்கை. அங்கே சிக்கல் எதிர்க்குறியில் இல்லை. கண்டறியும் எல்லைக்குக் கீழே போனவை விடுபட்டுப்போவதில் இருக்கிறது. தவிர, ஐயாசி உள்ளூர் நேரம் காலை 9.30 மணியை ஒட்டிக் கடக்கிறது. கிரிஸ் பிற்பகல் 1.30 மணிக்கு. வெயில் ஏற ஏற மண்ணிலிருந்தும் சாணக் குவியலிலிருந்தும் அம்மோனியா விரைந்து வெளியேறுவதால் இரண்டையும் ஒரே சராசரியில் கலப்பது சரியாகாது. எந்த நேர மதிப்பையும் 24 மணி நேரத்துக்கு அப்படியே நீட்டுவதும் ஓர் ஊகம்தான். மேகமில்லாத நாட்களே தரவில் இடம்பெறுகின்றன என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

மேல்கீழ்:

மேலே இருவரும் சொன்னதற்கு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு தூண் அளவு உயர்வதை உமிழ்வு உயர்வு என்று படித்துவிட வேண்டாம். சீனாவில் 2010களில் கந்தக டைஆக்சைடு உமிழ்வு பெருமளவு குறைக்கப்பட்டபோது, அம்மோனியாவைத் துகளாகப் பிடித்துவைக்கும் அமிலம் குறைந்தது. வாயுவாகவே தங்கிய பங்கு கூடியது. உமிழ்வு பெரிதாக மாறாமலேயே செயற்கைக்கோளுக்கு அம்மோனியா அதிகமாகத் தெரிந்தது. மாறாத ஆயுட்காலத்தை வைத்து வகுப்பவர் இதை உமிழ்வு என்றே கணக்கில் எழுதுவார். காற்றோட்டத்தையும் வேதி வினைகளையும் கணிக்கும் மாடலை வைத்து, தூண் அளவிலிருந்து உமிழ்வைத் தலைகீழாகக் கணிப்பவர்கள் இந்தக் குழியிலிருந்து ஓரளவு தப்புகிறார்கள். ஆனால் அவர்களுக்கும் மாடலின் அமிலக் கணக்கு சரியாக இருந்தாக வேண்டும். மாடலையும் கருவியையும் ஒப்பிடும்போது கருவி எந்த உயரத்தை எவ்வளவு உணர்கிறது என்று காட்டும் ஆவரேஜிங் கெர்னலை, தரவில் அது கொடுக்கப்பட்டிருந்தால், பயன்படுத்தியாக வேண்டும்.

நிலவரை:

மூவருக்கும் நன்றி. எதிர்க்குறி மதிப்புகளைத் திரும்பச் சேர்த்ததில் சராசரி 0.8×10¹⁶ ஆக இறங்கியது. காற்று வரும் பக்கத்தின் பின்னணி 0.3×10¹⁶. காற்றுவழி சொன்னபடி இரண்டு இழப்புகளையும் தனித்தனியே எழுதினேன். வேதி இழப்புக்கும் படிவுக்கும் 24 மணி நேரம் வைத்தால் 30,000 டன், 12 மணி நேரத்துக்கு 39,000 டன், 6 மணி நேரத்துக்கு 55,000 டன். கணக்கேட்டின் 25,000 டன் இப்போதும் இந்த வரம்புக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது; ஆனால் காலை 9.30 மணிக் காட்சியை நாள் முழுவதற்கும் நீட்டியிருக்கிறேன் என்பதால், கணக்கேடு தவறு என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இந்த வரம்பையே அறிக்கையில் தருகிறேன். அடுத்து, காற்று வேகம் குறைந்த நாட்களையும் மிகுந்த நாட்களையும் பிரித்து இதே கணக்கைப் போட்டு, இரண்டிலும் ஒரே உமிழ்வு வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.