'உருவகப்படுத்தல்' என்பதற்கு மாற்றாக 'ஒப்புநிகழ்த்தல்'

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிகழ்வுக்கு ஈடாக, அதே வாய்ப்புள்ள வேறொன்றை நிகழ்த்திப் பார்க்கும் 'சிமுலேஷன்' (simulation) என்பதற்கு 'உருவகப்படுத்தல்' என்ற சொல்லே நீடிக்கட்டும் என்று சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். அச்சொல் பரவிவிட்டது உண்மைதான். ஆயினும் நிகழ்தகவுப் பாடத்தில் அது மாணவரைப் பிழையான புரிதலுக்கு இட்டுச் செல்லும் என்று கருதுகிறேன்.

உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி, இரண்டும் ஒன்றே எனக் காட்டுவதை நம் அணியிலக்கணம் உருவகம் என்கிறது. 'தாமரை போன்ற முகம்' உவமை, 'முகத்தாமரை' உருவகம். நாம் பேசும் செயலிலோ வேற்றுமை நீங்குவதில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கும் மாணவனுக்கு ஈடாக, நான்கு பக்கங்கள் கொண்ட ஒற்றைத் தாயக்கட்டையை உருட்டுகிறோம் என்றால், கட்டைக்கும் அவனுக்கும் பொதுவானது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு மட்டுமே. வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) எனத் தொல்காப்பியம் உவமைக்குச் சொல்லும் நான்கனுள் இது வினை பற்றிய ஒப்புமை; மெய்க்கும் உருவுக்கும் இங்கே வேலையே இல்லை. ஆகவேதான் 'ஒப்புநிகழ்த்தல்' என்று முன்மொழிகிறேன். 'நிகழ்தகவு' என்னும் சொல்லோடு அது உறவும் கொள்கிறது.

எதை ஒத்து நிகழ்த்துகிறோம் என்ற கேள்வியைச் சொல்லே எழுப்பிவிடுவதால், தகுந்த மாதிரியைத் தேர்வதும் எளிதாகிறது. தாயக்கட்டை இல்லையா, இரண்டு நாணயங்களைச் சுண்டி இரண்டிலும் தலை விழுந்தால் 'சரி' எனக் கொள்ளலாம். அறுபக்கப் பகடைதான் கையில் உள்ளதென்றால், 1 விழுந்தால் சரி, 2, 3, 4 விழுந்தால் தவறு என்று வைத்துக்கொண்டு, 5 அல்லது 6 விழும்போது அந்த எறிதலைக் கணக்கில் சேர்க்காமல் மீண்டும் உருட்ட வேண்டும். ஒற்றை நாணயம் பொருந்தாது, வாய்ப்பு இரண்டில் ஒரு பங்காகிவிடும். பத்து வினாக்கள் கொண்ட தேர்வுக்குப் பத்து உருட்டல்கள் சேர்ந்ததே ஒரு முறை ஒப்புநிகழ்த்தல் என்பதில்தான் மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள்.

இப்படிப் பலமுறை நிகழ்த்தி எண்ணிப் பெறும் வாய்ப்புக்கு வழங்கும் 'சோதனை நிகழ்தகவு', 'பட்டறி நிகழ்தகவு' ஆகிய இரு சொற்களில், தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் ஆளும் பின்னதையே நான் விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெர்ரிச் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, 5,067 முறை தலை விழுந்ததை எண்ணினார். பாதி என்ற எதிர்பார்ப்பாவது நாணயத்துக்கு முன்கூட்டியே உண்டு. ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்துத் தாயம் ஆடும் புளியங்கொட்டைக்கு அதுவும் இல்லை. கொட்டையின் வளைவையும் தேய்த்த அளவையும் பொறுத்து வெள்ளை மேலே விழும் வாய்ப்பு மாறும் என்பதால், பலமுறை உருட்டிப் பட்டுத்தான் அறிய வேண்டும்.

ஓர் ஐயம் எனக்கே உண்டு. விமானிகள் பயிலும் கருவியில் இருக்கையும் திரையும் கைப்பிடிகளும் அசலை ஒத்திருக்க வேண்டும்; அங்கே வடிவமும் சேர்ந்துவிடுகிறது. அக்கருவியை 'ஒப்புநிகழ்த்தி' என்றால் போதுமா, வேறு சொல் வேண்டுமா என்பதைத் துறை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.