புதுப்பிப்பு: அம்மாவுக்குக் காந்தப்புல மெத்தை வாங்கவில்லை

அம்மாவுக்கு நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, ரத்த ஓட்டம் கூடும் என்று விற்கிற காந்தப்புல மெத்தையை வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 'முதலில் ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள்' என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பார்த்தோம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் அளந்தார்கள். வலியே இல்லாத சோதனை. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அம்மாவுக்கு 0.7. அந்த அடைப்பை எந்த மெத்தையும் கரைக்காது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

'ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இழுக்கும்' என்று விற்பவர் சொன்னதும் தவறு. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணி மாதிரி ஒட்டாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கவே செய்யும். அதற்காக, விட்டுவிட்டு வரும் துடிப்புக் காந்தப்புலச் சிகிச்சையே பொய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுசேராத எலும்பு முறிவுக்கு அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி கிடைத்திருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் கிட்டே போகவேண்டாம்.

இப்போது கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின், அப்புறம் தினமும் நடை. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். நேற்று தெருமுனைக் கோயில் வரை ஒரே ஒரு தடவைதான் நின்றார்.