மறு: 'ரேட்டிங்' – ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'ரேட்டிங்' என்பதற்குத் தமிழ் கேட்டால் பதினொரு சொல் வந்து நிற்கிறது, அதில் ஆறு ஒரே ஐயா கொடுத்தது. எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் யாரும் அந்தத் திரையைத் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. நேற்று இரவு நான் திறந்து பார்த்தேன். அதனால்தான் இந்த மடல், கொஞ்சம் நீளும்.

நாம் தமிழாக்கும் கேம் லாஞ்சரில், அதாவது கணினி ஆட்டங்களைத் தேடித் திறக்கும் செயலியில், ஓர் ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் 'ரேட்டிங்' மூன்று இடத்தில் வருகிறது. ஆட்டத்தின் பெயருக்குக் கீழே நட்சத்திரங்களோடு ஒன்று, 4.5 என்று. படத்தின் மூலையில் சதுரக் கட்டத்துக்குள் 16 என்று இன்னொன்று. கீழே, இந்த ஆட்டம் ஓட என்ன கணினி வேண்டும் என்ற பட்டியலில் மூன்றாவது: பவர் சப்ளை ரேட்டிங், 650 வாட், 80 ப்ளஸ் கோல்டு. மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த மூன்றுக்கும் ஒரே வரிதான். நாம் எதை எழுதினாலும் மூன்று இடத்திலும் அதுவே போய் உட்காரும்.

> 'தரவரிசை' என்றே போட்டுவிடலாம். நாளிதழ்களில் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தரவரிசை என்றால் யார் முதலிடம், யார் பத்தாமிடம் என்கிற பேச்சு. 'தரவரிசை 16' என்று படத்தின் மூலையில் போட்டால், உலகத்தில் பதினாறாவது இடத்தில் இருக்கும் ஆட்டம் போலிருக்கிறது, வாங்கலாம் என்றுதான் நானே நினைப்பேன்.

> அப்படியானால் வெறும் 'தரம்'.

இதற்கு இலங்கை நண்பர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: அங்கே தரம் என்றால் பள்ளி வகுப்பு. 'தரம் 12' என்று பார்த்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பாட விளையாட்டு என்று நினைப்பார்கள். அந்த ஒரு வரியோடு 'தரம்' முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அது சரிவராது. தரம் என்றால் நல்லது கெட்டது. மூலையில் இருக்கும் 16 ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்று சொல்வதே இல்லை. ரத்தம் எவ்வளவு, வசவு எவ்வளவு, சூதாட்டம் உண்டா என்பதை வைத்து யார் கையில் கொடுக்கலாம் என்று சொல்கிறது. 18 போட்ட குப்பையும் உண்டு, 3 போட்ட அருமையான ஆட்டமும் உண்டு.

என் கட்சி இதுதான்: ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். மூன்று பொருள், மூன்று சொல். நிரலாளர்கள் அந்த வரியைச் சூழல் குறிப்போடு மூன்றாகப் பிரித்துத் தந்தால் போதும். நம் மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறேன், செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

நட்சத்திரத்துக்கு 'மதிப்பெண்'. இதில் சண்டை வேண்டாம். சிலருக்குப் 'புள்ளி' பழக்கம், ஆனால் மதிப்பெண் என்றால் இரண்டு பக்கமும் புரியும்.

பவர் சப்ளைக்கு வருவோம். இங்கே 'ரேட்டிங்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செய்தி ஒளிந்திருக்கிறது. 650 வாட் என்பது கணினிக்கு மின்சாரம் தரும் அந்தப் பெட்டி உள்ளே எவ்வளவு கொடுக்க வல்லது என்பது. 80 ப்ளஸ் கோல்டு என்பது சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாக்காமல் கொடுக்கிறது என்பது. கோல்டு என்றால் பாதிச் சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு. கிராபிக்ஸ் கார்டும் சிபியுவும் மற்றதும் சேர்ந்து 450 வாட் கேட்டால் சுவரிலிருந்து 500 போகும், மீதி 50 சூடாகப் போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் 'ப்ரான்ஸ்', அதாவது வெண்கல முத்திரை என்றால் அதே பாதிச் சுமையில் 85. இவ்வளவுதான் அந்த முத்திரை சொல்வது. மின்னழுத்தம் ஆடாமல் நிற்குமா, எத்தனை வருடம் உழைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. அதனால் 'தங்கத் தரம்' என்று ஒருவர் எழுதியதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படிப்பவர் பெட்டியே தங்கம் என்று நினைத்துவிடுவார். 'வாட் அளவு: 650' என்று ஒரு வரி, '80 ப்ளஸ் கோல்டு சான்று' என்று அடுத்த வரி. 'திறன்' என்று போடாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது பவர், இலங்கையில் பவர் என்றால் 'வலு'. வாட் என்று எழுதிவிட்டால் இருவருக்கும் ஒன்றுதான்.

இனி அந்த மூலையில் இருக்கும் கட்டம். இழை சிக்கிக்கொண்டிருப்பது இங்கேதான்.

> 'வயது வரம்பு' இருக்கும்போது புதிதாக ஏன் சொல் தேட வேண்டும்?

முதலில் எனக்கும் இதுதான் தோன்றியது. ஆனால் வேலைவாய்ப்பு விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். 'வயது வரம்பு: 35' என்றால் என்ன? 35 தாண்டினால் விண்ணப்பிக்காதே. நம் காதில் வரம்பு என்பது மேலே இருக்கும் கூரை. அதே பழக்கத்தில் 'வயது வரம்பு: 18' என்று படித்தால் 18 வரை இருப்பவர்களுக்கு என்று ஆகிவிடும். பெரியவர்களுக்கான ஆட்டத்தைச் சிறுவர் ஆட்டம் என்று அறிவித்த கதை. 'வயதெல்லை' என்றாலும் இதே கதிதான்.

'வயதுக்குறி' என்று ஒன்று வந்தது. சுருக்கமாக இருக்கிறது, பொத்தானுக்குள் அடங்கும் என்று நினைத்துப் போட்டுப் பார்த்தேன். அடங்கவில்லை. எழுத்துரு கொஞ்சம் பெரிதானதும் இரண்டாக உடைந்தது: மேல் வரியில் 'வயதுக்கு', கீழ் வரியில் 'றி'. வயதுக்கு வந்த செய்தியை மூலையில் ஒட்டிய மாதிரி இருந்தது. 'அகவைக்குறி' என்று மாற்றினால் அந்த விபத்து நடக்காது. ஆனால் 18 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'குறி' என்று எழுதினால் ஆடுபவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். திரைப்பிடிப்பு எடுத்து ஊர் முழுக்க அனுப்புவார்கள்.

> 'அனுமதி வயது' என்றால்?

சொல்லாக அழகுதான். ஆனால் அனுமதி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், மறுத்தால் சட்டம் வேண்டும். இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் ஆட்டங்களுக்கு வயது வகை போடும் ஈஎஸ்ஆர்பி, 1994இல் தொழில்துறையே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதற்கு முந்தைய ஆண்டு செனட்டில் வன்முறை ஆட்டங்களைப் பற்றி விசாரணை நடந்தது. அரசு கைவைக்கும் முன் நாமே செய்துகொள்வோம் என்று செய்ததுதான் இது. சிறார்களுக்கு வன்முறை ஆட்டம் விற்கக்கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் அடித்தே விட்டது. அங்கே எண்ணுக்குப் பதில் அட்டையில் ஓர் எழுத்து போடுகிறார்கள், அது அறிவுரை, அவ்வளவே. ஜெர்மனியில் யூஎஸ்கே போடும் எண்ணுக்குப் பின்னால் இளையோர் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது, கடைக்காரர் மீறக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 2013 வரை ஆட்டங்களுக்கு 18 என்ற வகையே இல்லை. 15க்கு மேல் போனால் வகைப்படுத்த மறுப்பு, மறுத்தால் விற்க முடியாது. இத்தனைக்கும் பொதுவாக நாம் போடும் சொல் ஒன்றே. அது சட்டம் பேசக்கூடாது, அறிவுரையாகவும் குழையக்கூடாது.

அதனால் நான் முன்வைப்பது 'ஏற்ற வயது'. 'ஏற்ற வயது: 16+'. இதைப் புதுச்சொல் என்றுகூடச் சொல்ல முடியாது. 'வயதுக்கேற்ற பேச்சா இது?' என்று வீட்டில் கேட்பதுதான். இந்த ஏற்பாடு முழுவதையும் சொல்ல வேண்டிய இடத்தில், அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தின் தலைப்பில், 'வயது வகைப்பாடு'.

இன்னொன்று. எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்க அட்டையில் 'டி' என்றால் டீன், 13இலிருந்து. ஜப்பானில் வயது வகை போடும் செரோவின் அட்டையிலும் ஒரு 'டி' இருக்கிறது, ஏ, பி, சி, டி என்ற வரிசையில் வருவது. அது 17இலிருந்து. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. அதைவிட மோசம் செரோவின் 'ஏ'. அங்கே அது எல்லா வயதினருக்கும். நம் ஆட்கள் 'ஏ' என்று பார்த்தால் எந்தப் படத்தை நினைப்பார்கள்? அட்டையைப் படமாகவே விட்டுவிட்டு, பக்கத்தில் எண்ணில் வயதைப் போடுவோம்.

கொஞ்சம் திசைமாறி: இதே திரையில் 'பிரேம் ரேட் லிமிட்' என்பதை யாரோ 'சட்ட வீத வரம்பு' என்று ஆக்கியிருக்கிறார்கள். சட்டம் என்றால் பிரேம்தான், தப்பில்லை. ஆனால் அதற்கு நேர் மேலே வயது வகைப்பாடு இருக்கிறது. நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் ஓட்டினால் வழக்குப் போடுவார்கள் போலத் தோன்றுகிறது. 'படவீதம்' என்று மாற்றலாம். கூடவே 'ரெஃப்ரெஷ் ரேட்'டுக்குப் 'புதுப்பிப்பு வீதம்' என்று இருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று ஒருவர் கேட்டேவிட்டார். அதற்குத் 'திரைவீதம்' போட்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும். கார்டு வரைந்து தருவது படவீதம், திரை மாற்றிக் காட்டுவது திரைவீதம். 144 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதிய படத்துக்குத் தயாராக இருக்கும். கார்டு நொடிக்கு 60 படம்தான் தருகிறது என்றால் ஒவ்வொன்றும் வர 17 மில்லிநொடி ஆகும். திரையை மட்டும் மாற்றிவிட்டு ஏன் வேகம் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு சொல்லே பாதிப் பதில்.

சரி, மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

———

மறுபடியும் வணக்கம். மாலைக்குள் நான்கு மறுப்பு வந்துவிட்டது, மகிழ்ச்சி.

> 'ஏற்ற வயது' என்றால் அந்த வயதில் ஆட முடியும், கையாள முடியும் என்று ஆகாதா? பலகை விளையாட்டுப் பெட்டியில் போடுவதுபோல?

இது நல்ல அடி. பெட்டியில் '8+' என்றால் அதற்குக் குறைந்த பிள்ளைக்குப் புரியாது என்று பொருள். ஐரோப்பாவில் வயது வகை போடும் பெகி அப்படிப் பார்ப்பதில்லை. சதுரங்க ஆட்டம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் 3 என்று வரலாம், ஏனென்றால் அதில் அஞ்ச ஒன்றுமில்லை. இந்தக் குழப்பத்தை ஒரு சொல்லால் தீர்க்க முடியாது. எண்ணுக்குக் கீழே காரணத்தைச் சொல்லும் சிறு வரி இருக்கிறதல்லவா, வன்முறை, வசவு, அச்சம், சூதாட்டம் என்று? அதற்கு 'உள்ளடக்கக் குறிப்பு' என்று பெயர் வைத்து எப்போதும் எண்ணோடு ஒட்டியே காட்டச் சொல்வோம். 'ஏற்ற வயது: 16+, வன்முறை' என்று படித்த பிறகு யாரும் கடினம் என்று நினைக்க மாட்டார்கள்.

> எண் ஒரு தடவை போட்டால் மாறாது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள்.

மாறும். பலாட்ரோ சீட்டாட்டத்துக்கு பெகி 18 போட்டது, போக்கர் சூதாட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளைக் கற்றுக்கொடுக்கிறது என்று. அதில் பணம் வைத்து ஆட வழியே இல்லை. வெளியீட்டாளர் முறையிட்ட பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆக இறங்கியது. 'வகைப்பாடு' என்ற சொல்லை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். யாரோ உட்கார்ந்து வகை பிரித்தார்கள், மறுபடி பிரிக்கவும் முடியும் என்பது அதில் தெரிகிறது. 'சான்று' என்று போட்டிருந்தால் கல்வெட்டு மாதிரி ஆகியிருக்கும். பவர் சப்ளைக்குச் சான்று சரி, அதை ஆய்வகத்தில் அளந்து கொடுக்கிறார்கள்.

> 'வயது' வடசொல். 'அகவை' என்றே போடலாமே.

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பிள்ளைக்கு ஆட்டம் வாங்கித் தரப் போகும் அம்மா இரண்டு விநாடியில் படிக்க வேண்டிய இடம் அது. 'வயது' இருக்கட்டும்.

நான்காவது மறுப்பு 'படவீதம்' என்றால் திரைப்படம் போலிருக்கிறது என்பது. இருக்கட்டும், பழகிவிடும். பிரேமும் ஒரு படம்தானே.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. வகைப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, பிள்ளை எந்த வயது ஆட்டம் வரை திறக்கலாம், எத்தனை மணி நேரம் ஆடலாம் என்று பெற்றோர் அமைக்கும் இடம். ஆங்கிலத்தில் 'ஃபேமிலி கன்ட்ரோல்ஸ்'. போன பதிப்பில் அதை 'குடும்பக் கட்டுப்பாடு' என்று மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறோம். ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது, ஒருவரும் புகார் சொல்லவில்லை. கோப்பைத் தோண்டிப் பார்த்தேன், போட்டவன் நான்தான். 'பெற்றோர் கட்டுப்பாடு' என்றாலும் பெற்றோரை யாரோ கட்டுப்படுத்துவது போலிருக்கிறது. 'பெற்றோர் பூட்டு' என்று வைக்கிறேன், சாவி யாரிடம் என்பது தெரிந்துவிடும்.

லூட் பாக்ஸுக்கு, அதாவது உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிக்கு, தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம். மற்ற வரிகளை இன்றிரவு ஏற்றுகிறேன். குடும்பக் கட்டுப்பாட்டை இப்போதே எடுத்துவிட்டேன்.