ஸ்கேன் ரூம்ல யாரும் பேசாம இருந்தா பயப்படணுமா? அடுத்த வாரம் அனாமலி ஸ்கேன்

முதல்தடவை_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மனைவி கர்ப்பமா இருக்கா, 19 வாரம் முடிஞ்சிருக்கு, அடுத்த வாரம் அனாமலி ஸ்கேன், அதாவது குழந்தையோட உறுப்புகள்ல ஏதாவது குறை இருக்கான்னு பாக்கறது. 12 வாரத்துல என்டி ஸ்கேன் (குழந்தையோட பின்கழுத்து நீரை அளக்கறது) எடுத்தப்ப எனக்கு லீவு கிடைக்கல, அவ தனியாதான் போனா. ஸ்க்ரீன் இவளுக்கு தெரியாத மாதிரி திரும்பியிருந்துச்சாம், எடுத்தவங்க இருபது நிமிஷம் வாயே திறக்கலையாம், இவ மேல இருந்த லைட்டையே பாத்துட்டு படுத்திருந்து குழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு மனசுல முடிவே பண்ணிட்டா. ரிப்போர்ட் வந்தா எல்லாம் நார்மல். ஆனா வெளிய வந்து எனக்கு போன் போட்டு பேச முடியாம அழுதா பாருங்க, அது இன்னும் என் காதுலயே இருக்கு. இந்த தடவை நான் கூட போறேன். உள்ள என்னதான் பாப்பாங்க, அவ பயப்படாம இருக்க நான் என்ன பண்ணணும்?

ஸ்கேன்ரூம்_அக்கா

தம்பி, நான் 11 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன். நாங்க பேசாம இருக்கறது பெரும்பாலும் அளந்துட்டு இருக்கறதாலதான். என்டி ஸ்கேன் அப்போ குழந்தை தலையிலருந்து உக்கார்ற இடம் வரைக்கும் மொத்தமே 45லருந்து 84 மில்லிமீட்டர், அதோட பின்கழுத்து தோலுக்கு அடியில இருக்கற நீரை புள்ளிக்கு அப்புறம் வர்ற எண் வரைக்கும் அளக்கணும். தலை ரொம்ப குனிஞ்சாலும் தப்பா வரும், நிமிந்தாலும் தப்பா வரும், சரியா படுக்குற அந்த ஒரு நொடிக்காக மூச்சை பிடிச்சிட்டு காத்திருப்போம்.

அனாமலில வேலை இன்னும் அதிகம். மண்டைக்குள்ள இருக்கற நீர் அறைகள், சிறுமூளை, மேல் உதடு, முதுகெலும்பு முழுசா, வயிறு, ரெண்டு கிட்னி, மூத்திரப்பை, கை கால், தொப்புள்கொடியில இருக்கற மூணு ரத்தக்குழாய், நஞ்சு (பிளசென்டா) எங்க ஒட்டியிருக்கு, குழந்தையை சுத்தி தண்ணி போதுமா எல்லாம் பாக்கணும். ரொம்ப நேரம் பிடிக்கறது இதயம்தான். கட்டைவிரல் நகம் அளவுல இருக்கும், நிமிஷத்துக்கு 110லருந்து 160 தடவை துடிக்கும், அதுல நாலு அறையும் பாக்கணும், வெளிய போற ரெண்டு பெரிய குழாயும் ஒண்ணையொண்ணு குறுக்கே தாண்டுதான்னு பாக்கணும்.

உள்ள போனதும் நீங்க வாயத் திறந்து கேளுங்க, "முதல்ல துடிப்பை மட்டும் காட்டிடுங்க, அப்புறம் நீங்க பொறுமையா பாருங்க"ன்னு. முப்பது செகண்ட் வேலை. எனக்கு யாராச்சும் இப்படி கேட்டா சந்தோஷமாத்தான் இருக்கும், சத்தியமா.

ரெண்டு_வாண்டு_அம்மா

என் பெரியவ அன்னைக்கு முகத்தை என் முதுகுப்பக்கமா வெச்சிட்டு திரும்பவே இல்ல, உதடு பாக்க முடியலைன்னு வெளிய அனுப்பி அரைமணி நேரம் நடக்க சொன்னாங்க, மறுபடி படுத்தேன், அப்பவும் இல்ல, அடுத்த வாரம் வர சொல்லிட்டாங்க. திரும்ப வர சொன்னாலே ஏதோ பிரச்சனைன்னு அர்த்தம் இல்லைங்க, பொசிஷன் கிடைக்கலன்னா அப்படித்தான் சொல்வாங்க. என் வீட்டுக்காரர் கூட வந்தப்ப ஜெல் சில்லுனு பட்டு நான் துள்ளினேன், உடனே என் பாதத்தை கெட்டியா பிடிச்சிக்கிட்டார், நின்ன இடத்துல அவருக்கு எட்டினது அதுதான். அப்புறம் ஸ்க்ரீன்ல ஒரு உள்ளங்கால் வந்துச்சு, அஞ்சு விரலும் வரிசையா. அவர் பிடியை விடவே இல்ல. மூத்திரம் முட்ட முட்ட தண்ணி குடிச்சிட்டு வரணுமான்னு மட்டும் முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்கோங்க, இடத்துக்கு இடம் மாறும்.

மழைத்துளி

எனக்கு 20 வாரத்துல நஞ்சு கீழ இருக்குன்னு எழுதிட்டாங்க, ராத்திரி முழுக்க நெட்ல தேடி தேடி தூங்கல. 32 வாரத்துல பாத்தா மேல போயிருந்துச்சு. கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி விரிய விரிய பெரும்பாலானவங்களுக்கு இப்படித்தான் விலகிடுமாம். அதனால ரிப்போர்ட்டை கையில வாங்கி கார்லயே உக்காந்து படிக்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு புரிஞ்சிட்டு வாங்க.

பையனோட_அப்பா

சகோ, இதை சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுதான் எழுதறேன். எங்களுக்கு அந்த ஸ்கேன்லதான் பையன் இதயத்துல பிரச்சனை இருக்கறது தெரிஞ்சுது. அன்னைக்கு அந்த ரூம்ல நான் இல்லாம போயிருந்தா அவ தனியா அதை கேட்டிருப்பா, அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. அவளுக்கு டாக்டர் சொன்ன எதுவுமே மண்டையில ஏறல, நான்தான் ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டேன், அடுத்து யாரை பாக்கணும், என்ன டெஸ்ட்டுன்னு. முன்னாடியே தெரிஞ்சதால இதய டாக்டர்கள் இருக்கற ஆஸ்பத்திரியிலயே பிரசவம் வெச்சோம், பிறந்த அஞ்சாம் நாள் ஆபரேஷன். இப்ப நாலு வயசு, மாடிப்படியில ஓடறான். ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சிடாது, சிலது பிறந்தப்புறம்தான் தெரியும். ஆனா இதுக்காகத்தான் அந்த ஸ்கேனே, படம் பாக்க மட்டும் இல்ல. ஒரு பேனா எடுத்துட்டு போங்க.

முதல்தடவை_அப்பா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவகிட்ட போனை குடுத்து படிக்க வெச்சேன். கடைசி பதிலை ரெண்டு தடவை படிச்சா. அப்புறம், "துடிப்பை காட்ட சொல்லி நீங்களே கேட்டுடுங்க, எனக்கு அந்த நேரத்துல வாய் வராது"ன்னா. புதன்கிழமை காலைல போறோம்.