பொங்கல் லீவில் பல் வலி, திங்கள்கிழமை வரை எப்படி ஓட்டுவது?

கரும்புக்கொல்லை:
வலது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லில் ரொம்ப நாளாகச் சொத்தை இருக்கிறது. சாப்பாடு மாட்டும், குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். நேற்று பொங்கல் கரும்பை அந்தப் பக்கமே வைத்துக் கடித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் பிடித்த வலி காது, பொட்டு வரைக்கும் விண்விண் என்று தெறிக்கிறது, படுத்தால் அதிகம், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மட்டு. காபி பட்டால் உயிர் போகிறது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் நிம்மதி. எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரே பல் டாக்டர் திங்கள்தான் வருவாராம். அம்மா கிராம்பு வை என்கிறாள். மாமா, போன வருஷம் தனக்கு வாங்கிய அமாக்ஸிசிலினில் ஆறு மாத்திரை மிச்சம் இருக்கிறது, போடு என்கிறார். என்ன செய்யலாம்? வயது 34, சுகர், பிரஷர், அல்சர் எதுவும் கிடையாது.

வெற்றிலைப்பெட்டி:
தம்பி, கிராம்பு நல்லதுதான், ஆனால் கிராம்பும் கிராம்புத் தைலமும் ஒன்றில்லை. நான் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அப்படியே வைத்து, ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து, பல் வலியோடு ஈறு வலியும் சேர்ந்து நாலு நாள் கஞ்சி குடித்தவன். தைலம்தான் வேண்டுமென்றால் ஒரு சொட்டை அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, சொத்தைக் குழியில் மட்டும் படுகிற மாதிரி வைக்கவும். முழுக் கிராம்பை லேசாக நசுக்கிப் பல்லோரம் ஒதுக்கிக்கொள்வது இன்னும் பத்திரம். எங்கள் ஆத்தா கண்டங்கத்திரி விதையைக் கனலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்லும், பல்லுப் பூச்சி விழும் என்று. விழுகிற மாதிரி தெரிவது வெந்த விதையின் நூல்தான், பல்லில் பூச்சியெல்லாம் கிடையாது.

பல்மருத்துவ மாணவி:
சார், நான் இப்போது ஹவுஸ் சர்ஜன். நீங்கள் சொன்னதில் முக்கியமானது, சூடு பட்டால் வலி, குளிர்ந்த தண்ணீருக்கு அடங்குகிறது என்பது. பல்லின் உள்ளே இருக்கிற நரம்புக்கூழ் நன்றாக வீங்கிவிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சுற்றிலும் கெட்டியான பல், வீக்கம் போக இடமில்லை, படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் இன்னும் தெறிக்கும். அதனால் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

மாமாவின் மாத்திரை வேண்டாம். இந்த வலி உள்ளே நரம்பு வீங்கியதால் வருவது, ஆன்டிபயாடிக் அதைக் குறைக்காது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ எது, எத்தனை நாள் என்று டாக்டர் பார்த்து எழுதுவார், மிச்சத்தை விழுங்குவது அதற்கு ஈடாகாது. உங்களுக்கு வேறு நோய் இல்லை என்பதால் சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபன் 400, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதோடு பாராசிட்டமால் 500, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போடலாம். இரண்டும் சேர்ந்தால் பல் வலிக்குத் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். கர்ப்பிணிகள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஐபுபுரூஃபன் பக்கம் போக வேண்டாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள், புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம், உங்களுக்குச் சூடு ஆகாது என்பதால் நன்றாக ஆறவிட்டே செய்யுங்கள். ஐஸை வெளிப்பக்கம் கன்னத்தில் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள், ஒத்தடம் என்று சூடு மட்டும் கொடுக்க வேண்டாம்.

தாடைக்கு அடியில் வீங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமென்றால், மூச்சு இழுத்தால், பண்டிகையாவது ஒன்றாவது, உடனே அரசு தலைமை மருத்துவமனை அவசரப் பிரிவு. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

மெடிக்கல் கடை:
ஒரு வார்த்தை. காம்பிஃபிளாம் வாங்கினால் அதிலேயே ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மேலே டோலோவும் (அதுவும் பாராசிட்டமால்தான்) ஐபுபுரூஃபனும் போடுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள். அட்டையைப் படியுங்கள்.

கரும்புக்கொல்லை:
எல்லோருக்கும் நன்றி. மாமாவின் மாத்திரை குப்பைக்குப் போனது, மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் உட்கார்ந்தபடி தூங்கினேன். இன்று ஞாயிறு, அதிசயமாகக் காலையிலிருந்து வலியே இல்லை, காபிகூடக் குடித்துவிட்டேன். அப்படியே அடங்கிவிட்டால் டாக்டரிடம் போகாமல் விட்டுவிடலாமா?

பல்மருத்துவ மாணவி:
அதுதான் பயமே சார். இவ்வளவு தெறித்த பல் திடீரென்று வாயை மூடிக்கொண்டால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அழுகல் வேர் வழியாக எலும்புக்கு இறங்கி, கொஞ்ச நாளில் சீழ் கட்டும். இப்போது போனால் ரூட் கேனல், அதாவது உள்ளே செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போட்டுப் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது, விட்டால் பிடுங்குவதுதான் மிச்சம்.

கரும்புக்கொல்லை:
சரி, போன் செய்துவிட்டேன். திங்கள் காலை பத்தரை, டோக்கன் மூன்று.

வெற்றிலைப்பெட்டி:
போகும்போது வயிறு காலியாகப் போகாதே தம்பி, ஊசி போட்டால் தலை சுற்றும். இரண்டு இட்லியை இடது பக்கமாக மென்றுவிட்டுப் போ.