ஏற்காட்டில் தேடுதல் நாய்களுக்காக ஒளிந்துகொள்ள ஆட்கள் தேவை

வணக்கம். சேர்வராயன் மலையில் வழிதவறியவர்களைத் தேட நாய்களைப் பழக்கும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. இப்போது பணத்தைவிட ஆட்கள்தான் அவசரத் தேவை.

காற்றில் மிதந்துவரும் மனித வாசனையைப் பிடித்துத் தேடும் நாய்கள் இவை. எப்போதும் நாங்களே ஒளிந்தால், தெரிந்தவர்களை மட்டும் தேடப் பழகிவிடும். அறிமுகமில்லாத ஒருவர் காபிச் செடிகளுக்கிடையே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நாய் கண்டுபிடித்ததும் அதன் பந்தைக் கொடுத்து மனதாரப் பாராட்ட வேண்டும். முதியவர்களும், பெற்றோருடன் சிறுவர்களும் வந்தால் மிகவும் நல்லது. காணாமற்போகிறவர்களில் அவர்களும் உண்டல்லவா?

எஸ்டேட் உரிமையாளர்களே, பழம் பறிக்காத நாட்களில் தோட்டத்துக்குள் பயிற்சிக்கு அனுமதி தாருங்கள். வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலேறும், மாலையில் கீழிறங்கும்; வாசனையும் அதோடு போகும். சேலத்தின் சமதள மைதானத்தில் இதை நாய்க்கும் கற்பிக்க முடியாது, அதை நடத்துபவருக்கும் முடியாது. பூச்சிமருந்து தெளித்த இடங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாய்கள் எதையும் நக்கிவிடும்.

உண்ணி, பாதக் காயம் ஆகியவற்றைப் பார்த்துத்தர சேலத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் கிடைத்தால் பேருதவியாக இருக்கும். ஞாயிறு காலைகளில் வர இயலுபவர்கள் உங்கள் ஊரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்; மலைக்கு அழைத்துச்செல்வது எங்கள் பொறுப்பு.