எம்.பி.யிடம் மனு கொண்டுபோனவர்கள், நடந்ததை எழுதுங்கள்

கரிசக்காட்டு விவசாயி:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊருக்குள் போக வர ஒரே வழி ரயில்வே சுரங்கப்பாதைதான். முன்பு அங்கே ஆளில்லா லெவல் கிராசிங் இருந்தது. அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கிராசிங்குகளை நாடு முழுக்க 2019 தொடக்கத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதனால் உயிர்ப்பலி நின்றது, அது பெரிய விஷயம். ஆனால் ஐப்பசி பிறந்தால் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். பால்கேனைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்குவோம். 108 வண்டி அந்தப் பக்கமே நின்றுவிடும்.

ஊர்க்காரர்கள் ஆறு பேர் எம்.பி. அலுவலகத்துக்குப் போனோம். மனுவில் தெருவிளக்கு, பட்டா, ரேஷன் கடை, சுரங்கப்பாதை என்று பதினோரு கோரிக்கை. அங்கிருந்த உதவியாளர் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதினார். தெருவிளக்கு ஊராட்சி, பட்டா தாசில்தார், ரேஷன் கடை மாநில அரசு. கடைசியில் சுரங்கப்பாதையை வட்டம் போட்டு, "அண்ணே, டெல்லியில பேச வேண்டியது இது ஒண்ணுதான். இதுக்கு மட்டும் தனி மனு கொடுங்க. என்னைக்குத் தண்ணி நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, பாலத்து நம்பர் என்ன, எல்லாம் வேணும்" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. கஷ்டத்தைச் சொல்ல வந்தால் கணக்குக் கேட்கிறாரே என்று. ஆனால் அவர் கேட்டது சரி. எங்கள் ஊர் டீக்கடைக்காரர் தண்ணீர் நின்ற நாளெல்லாம் பால் வராததால் காலண்டரில் நீல மையில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத் தாளையும் ஜெராக்ஸ் எடுத்தோம். சுவரில் பெயின்டில் எழுதியிருந்த பாலத்து எண்ணைக் குறித்துக்கொண்டோம்.

எம்.பி. அதை மக்களவையில் விதி 377-இன் கீழ் கொடுத்தார். எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேச வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். 377-இல் 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்தால் அவைப் பதிவில் ஏறிவிடும், அமைச்சகமும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தது, "பரிசீலிக்கப்படும்" என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி மறுபடி எழுதினார், ஒரு நாள் பொறியாளர்களைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். அடுத்த ஐப்பசிக்குள் எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஐப்பசிக்குள் இறங்கும் வழிக்கு மேல் தகரக் கூரையும் மோட்டாரும் வந்துவிட்டன. டீக்கடைக் காலண்டரில் போன வருடம் மூன்று குறிதான்.

எம்.பி. ஆபீஸில் இருந்தவன்:

மேலே எழுதியவர் சொன்ன பென்சில் வேலையை நான் நாலு வருடம் பார்த்தேன். வேறொரு தொகுதி. தமிழ்நாட்டில் ஒரு எம்.பி. தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதி. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி, கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்ததைத் தவிர 2011-12 முதல் அதே தொகைதான். ஆறால் வகுத்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அந்தப் பணமும் எம்.பி. கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். "அஞ்சு கோடியும் எங்கே போச்சு?" என்று கேட்டவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது.

மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. சிபாரிசில் சேர்க்க இருந்த பத்து இடமும் 2022-இல் போனது. அதற்கப்புறமும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புவது பாவமாக இருக்கும்.

நான் பார்த்தவரை கிராமத்துக்கு அதிகம் பலன் தந்தது திஷா என்ற மாவட்ட ஆய்வுக் கூட்டம். நூறு நாள் வேலை, கிராமச் சாலை, குடிநீர் என்று மத்திய அரசுப் பணம் வரும் திட்டங்களையெல்லாம் அங்கே எம்.பி. தலைமையில் ஆய்வு செய்வார்கள். கலெக்டரும் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே மேஜையில் இருப்பார்கள். ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போகிற எம்.பி.க்கு அது ஒன்றே போதும். உங்கள் ஊர் விவரத்தைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தேனிக்காரன்:

மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதை ஆகி தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன். அதற்குள் மூன்று மக்களவைகளைப் பார்த்துவிட்டோம். எம்.பி. மாறும்போதெல்லாம் மனுவைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதனால் பழைய மனு, பதில் கடிதம் எதையும் தொலைக்காதீர்கள்.

ஒரு அம்மா:

என் மகனுக்கு இதயத்தில் ஓட்டை. ஆஸ்பத்திரி மதிப்பீட்டுச் சீட்டையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதம் அன்று சாயங்காலமே கொடுத்தார்கள். செலவு முழுவதும் கிடைக்காது, ஒரு பகுதிதான். நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆபரேஷனுக்கு முன்னாலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வார்டில் இருந்த அண்ணன் பில் கட்டிவிட்டு அப்புறம் கேட்டார், கிடைக்கவில்லை. மகன் இப்போது ஏழாவது படிக்கிறான்.